சாம்பிளுக்கு வேலை கிடையாது

சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்தவன் சமத்துவம் பேசக் கூடாது. நான் பேசினேன், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்த காலம். கள்ளக்குறிச்சிச் சாலையில் மறியலுக்காகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். வெட்டியவர்களில் என் பெரியப்பா மகன்களும் உண்டு. நானோ அந்த மரங்களைச் சுற்றி, வயல்வழியாக, ஜீப்பில் கல்வராயன் மலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இளைஞர்களிடையே ஏற்றத்தாழ்வை எப்படிக் குறைப்பது என்று ஆராய ஓர் அறக்கட்டளை நிதி கொடுத்திருந்தது. என் வேலை, வீடு வீடாகக் கேள்வித்தாள் நிரப்புவது. (ஊரில் ‘ஆராய்ச்சியாளர்’ என்று சொல்லி வைத்திருந்தேன்.)

அன்று பார்த்து அறக்கட்டளை அதிகாரியும் கூட வந்திருந்தார். கேட்க வேண்டுமா என் மிடுக்கை! சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ராமாயியைக் கூப்பிட்டு, ஊரே பார்க்க உட்கார வைத்தேன். அந்த ஊரில் பத்தாவது தேறிய ஒரே பெண் அவள்.

“வூட்ல பிரிட்ஜ் இருக்கா?”

“கரண்டே இல்லீங்க.”

“அது வேற கேள்வி. பிரிட்ஜ் இருக்கா, இல்லியா?”

அடுத்தது, வேலை கிடைக்காததற்குக் காரணம். ஊக்கமின்மை, திறமையின்மை, தகவலின்மை. மூன்றில் ஒன்றுக்கு டிக் போட வேண்டும்.

“சாதி சர்டிபிகேட் தர மாட்றாங்க. ஏழு தபா மலை எறங்கிட்டேன்.”

“அது இதுல இல்லியே. ஊக்கமின்மைன்னு போட்டுக்கட்டுமா?”

அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள். “உங்களுக்கு இந்த வேல எப்டிங்க கெடச்சுது?”

ஒரு பொய் வந்திருக்கலாம், வரவில்லை. “எங்க மாமா... தெரிஞ்சவங்ககிட்ட சொன்னாரு.”

“அந்த மாமா எனக்கு இல்லீங்க. அதையே காரணம்னு எழுதிக்குங்க.”

ஊர் சிரித்தது. அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்படியே மலையிலிருந்து உருண்டு சின்னசேலத்தில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

இறங்கும்போது துணிந்து கேட்டேன். “சார், அந்தப் பொண்ணையே நம்ம வேலைக்கு எடுத்துக்கலாமே?”

“அவ சாம்பிள்ப்பா. சாம்பிளுக்கு வேலை குடுத்தா ஆராய்ச்சி கெட்டுடும்.”

நான் தலையாட்டினேன். கூச்சப்பட வேண்டியது அதற்குத்தான், அப்போது தெரியவில்லை.

வழவழத் தாளில் அறிக்கை வந்தது. முடிவு: மேலும் ஆராய வேண்டும். அதற்கும் நிதி வந்தது, எனக்குப் பதவி உயர்வும். மறுபடி மலையேறியபோது ராமாயி கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டிருந்தாள். ‘தொடர்பு கொள்ள இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாமா இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார். “அந்த மாமா எனக்கு இல்லீங்க” என்றதும் பந்தியே குலுங்கும். அதோடு நிறுத்திவிடுவார். அப்புறம் அந்தப் பெண் என்ன ஆனாள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் சிரித்துவிட்டு மோருக்குக் கை நீட்டுகிறேன்.