எக்ஸ்ரே சூடு

சீப்பில் சிக்கிய முடியைப் பார்த்ததும் தைரியநாதனுக்குப் பெயரில் மட்டும்தான் தைரியம் மிஞ்சியது.

"கொழந்தைசாமி, கொட்ட ஆரம்பிச்சிருச்சுடா!"

"நான்தான் சொன்னேனே" என்றான் குழந்தைசாமி.

இருவரும் இலுப்பூரில் வாத்தியார்கள். வல்லரசுகள் ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பேப்பரில் கதிர்வீச்சு என்று ஒரு வரி வந்தாலும் குழந்தைசாமி விடமாட்டான்.

"ஆல்பா கதிரைக் காயிதமே தடுத்துரும். பீட்டாவுக்குத் தகரம் போதும். எக்ஸ்ரே அப்படியில்ல, சதையத் தாண்டி எலும்புலதான் போய் முட்டும். ஒனக்கு நேரா நெஞ்சுலயே விட்டிருக்காங்க."

"விட்டா என்னடா ஆகும்?"

"முடி கொட்டும், வாந்தி வரும். அப்பறம்..." குரலைத் தாழ்த்தினான். "புள்ளகுட்டி சந்தேகந்தான்."

எக்ஸ்ரே எடுக்கச் சொன்னவர் ஆவூர் ஜெபமாலை, பெண்ணைப் பெற்றவர். தைரியநாதனின் சித்தப்பா காசநோயில் போனவர். அதனால், "மாப்பிள்ளை நெஞ்சுப் படத்தை என் கண்ணால பாத்தாத்தான் கோயில்ல இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு ஓலை வாசிக்கலாம்" என்றுவிட்டார்.

பெண் அற்புதமேரி. ஆவூர் பாஸ்கா நாடகத்தில் சிலுவை சுமந்தவரைப் பார்த்து ஊரே அழுதபோது, தைரியநாதன் பார்த்தது அவளைத்தான்.

அவளுக்காகத்தான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சட்டையைக் கழற்றி, சில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கி நின்றான். திடீரென்று அறை இருண்டது. மின்விசிறி நின்றது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. கதிர் பாய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினான். "வெள்ளிக்கிழமை வாங்க தம்பி" என்று இருட்டில் ஒரு குரல் கேட்டது. கையில் கிடைத்த சட்டையோடு ஓடியே வந்துவிட்டான்.

அந்த நாளில் எந்த வியாதிக்கும் இரண்டே காரணங்கள்: சூடு, குளிர்ச்சி. அதில் ஒரு நிம்மதி இருந்தது. இன்று நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

"கதிருன்னா வெயிலு மாதிரிதானே? சூட்டை எறக்கிட்டாப் போச்சு" என்றாள் அவன் அம்மா அடைக்கலமேரி.

மார்கழிப் பனியில் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். தேய்த்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் முடி கையோடு வந்தது. பயந்துபோய் ஊறவைத்த வெந்தயமும் இளநீரும் கொடுத்தாள். மூக்கு ஒழுகியது.

"சூடு மூக்கு வழியா எறங்குதுடா!" அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மிச்சத்த அங்கிட்டு எறக்கிருவோம்."

விளக்கெண்ணெய் வந்தது. பாதி உள்ளே போனது, மீதி வாந்தியாக வெளியே வந்தது.

"பேப்பர்ல போட்டது அப்படியே நடக்குது பாரு" என்றான் குழந்தைசாமி, தானே பேப்பரில் எழுதியவன் போல.

கடைசியாக நெஞ்சில் ஈரத்துணி போட்டாள். இருமல் பிடித்தது.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி பெஞ்சில் ஜெபமாலை உட்கார்ந்திருந்தார். பல்வலி என்று சொல்லி அற்புதமேரியும் கூடவே வந்திருந்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து அவள் லேசாகச் சிரித்தாள். பல்வலி இருப்பதாகத் தெரியவில்லை.

"என்ன மாப்பிள்ளை, மூஞ்சி இப்படிச் செவந்திருக்கு?"

"வெயிலு, மாமா" என்றான், இருமலை விழுங்கிக்கொண்டு. வெளியே பனி இன்னும் விலகவில்லை.

தைரியநாதனுக்கு ஒரே ஆறுதல்தான். படம் எடுத்தது இந்த இருமலுக்கு முன்னால். படத்திலிருக்கும் நெஞ்சு சுத்தமான நெஞ்சு. முடி போனாலும் போகட்டும், அவள் கிடைப்பாள். அதை நினைத்ததும் கண் கலங்கியது.

கதவு திறந்தது. எக்ஸ்ரே அறை ஊழியர் இருளாண்டி எட்டிப் பார்த்தார்.

"வாங்க தம்பி, அன்னிக்குக் கரண்டு போனதும் சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டீங்களே? மெஷின் ஓடவே இல்ல, இனிமேதான் படம் எடுக்கணும், சட்டையக் கழட்டிட்டு இருமாம நில்லுங்க!"