கையெழுத்து வேறுபடுகிறது

இனிமேல் இந்த வீட்டில் மூச்சு விடுவதற்கும் ஓர் ஒழுங்குமுறை உண்டு என்று சேஷாத்ரி ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அறிவித்தார். பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே மூச்சைப் பற்றித்தான் சொன்னார்.

பெண் வைஷாலி கல்யாணமாகிப் புனேவுக்குப் போன பிறகு காலியான சின்ன அறையில் அவர் ஏசி வைத்திருந்தார். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் முப்பது வருஷமாகக் குடியிருக்கும் அந்த ஃபிளாட்டுக்கு வந்த முதல் ஏசி அதுதான். ஆனால் அது மனிதர்களுக்காக வரவில்லை. இரண்டு தபால் கவர்களுக்காக வந்தது. கல்கத்தா மழைக்காலக் காற்றைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் தேறும். அதில் மனுஷ மூச்சின் ஈரமும் சேர்ந்தால் காகிதம் என்னத்துக்கு ஆகும்? அதனால் அந்த அறையில் யாரும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இருக்கிற ஐந்து நிமிஷமும் சுவரைப் பார்த்து மூச்சு விட வேண்டும்.

அடுத்த அறையில், மேற்கு வெயில் முழுவதையும் குடித்த சுவர் பக்கத்தில், ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படுக்கிறவள் அவர் மனைவி ராஜலக்ஷ்மி. “நானும் ஒரு கவருக்குள்ள போய்ப் படுத்துக்கட்டுமா?” என்று முன்பே ஒருநாள் கேட்டிருந்தாள். சேஷாத்ரி அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த அறை அவளுக்கு வேண்டியிருந்தது. அதை வாங்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

கவர்களின் மகிமையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ராக்கெட் கிளம்பிய நாளில் அந்த ஊர்த் தபாலாபீசில் போட்டு, அன்றைய தேதி முத்திரை வாங்கியவை. ராக்கெட்டில் போய் வந்த வின்ஸ்லோ என்ற மனிதர் அவற்றின் மேல் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்தக் கையெழுத்து அசல் என்றால் கவர் ஒரு பொக்கிஷம். இல்லையென்றால் அது வெறும் கவர்.

அசலா போலியா என்று சொல்வதற்கென்றே உலகத்தில் நிபுணர்கள் இருக்கிறார்கள். சேஷாத்ரிக்கு அவர்கள் தேவைப்படவில்லை. டல்ஹௌசியில் ஒரு வங்கியில் முப்பத்தோரு வருஷம் செக்கில் இருக்கும் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டவர் அவர். “கையெழுத்தை மட்டும்தான் பார்ப்பேன். மேலே என்ன எழுதியிருக்கு, யாருக்கு எழுதியிருக்குங்கறதெல்லாம் அடுத்த டேபிளோட வேலை” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். ரிடையரான மறுவாரமே தனக்கென்று இரண்டு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டார். ஒன்று ‘கையெழுத்து சரிபார்க்கப்பட்டது’. இன்னொன்று ‘கையெழுத்து வேறுபடுகிறது’.

உண்மையில் அவரிடம் வின்ஸ்லோ கவர் மூன்று இருந்தது. இரண்டை வெளிநாட்டு வியாபாரி ஒருவனிடம் ஆன்லைனில் வாங்கினார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு கையெழுத்தும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. மூன்றாவது, காலேஜ் ஸ்ட்ரீட்டில் வாங்கிய பழைய காகிதக் கட்டுக்குள் கிடந்தது. அதில் கையெழுத்து மேல்நோக்கி ஏறி, கடைசி எழுத்தில் தடுமாறிக் கீழே விழுந்திருந்தது. நடுவில் ஒரு மைப்பொட்டு வேறு. சேஷாத்ரி ஒப்பிட்டார், உதட்டைப் பிதுக்கினார், ஒரு துண்டுச் சீட்டில் ‘வேறுபடுகிறது’ என்று குத்தி, கவரோடு சேர்த்து மனைவியிடம் கொடுத்தார். “இது உனக்கு. கேஸ் ரசீது போட்டு வெச்சுக்கோ” என்றார்.

மூச்சு அறிவிப்பு வந்த அந்த ஞாயிறு பதினோரு மணிக்கு, வங்காளி வழக்கப்படி ‘தா’, அதாவது அண்ணா, என்று எல்லோரும் கூப்பிடும் மேல்மாடி சான்யால் தா கவர்களைப் பார்க்க வந்தார். பௌதிகப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நாற்பது வருஷமாக ஸ்டாம்ப் சேர்க்கிறவர். மூக்கில் கைக்குட்டை கட்டி உள்ளே அனுப்பப்பட்டார். வெகுநேரம் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்றார். அதுதானே விசேஷம் என்றார் சேஷாத்ரி. அதுதான் வில்லங்கம் என்றார் சான்யால் தா. கையெழுத்துக் கேட்டு ஆயிரக்கணக்கில் கடிதம் வந்ததால், பேனாவைப் பிடித்துக்கொண்டு தானே கையெழுத்துப் போடும் மெஷின் ஒன்றை அந்த ராக்கெட் ஆபீஸ்களில் வைத்திருந்தார்களாம். மெஷின்தான் போட்டதையே போடும், மனிதன் கை ஒருநாளும் அப்படிப் போடாது என்று விளக்கினார்.

சேஷாத்ரி பெருந்தன்மையாகச் சிரித்து அவரை வழியனுப்பினார். சான்யால் தா போகிற வழியில் சமையலறை வாசலில் நின்று ராஜலக்ஷ்மியுடன் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். கசகசா போட்டுச் செய்யும் போஸ்தோவைப் பற்றியிருக்கும் என்று சேஷாத்ரி நினைத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து கை கழுவி வந்ததும் ராஜலக்ஷ்மி ஆரம்பித்தாள்.

“ஏன்னா, சான்யால் தா சொல்றது சரியா இருந்துட்டா?”

“அவர் பாடம் நடத்தினவர். நான் கையெழுத்து பார்த்தவன்.”

“ரெண்டும் அச்சடிச்ச மாதிரின்னா இருக்கு.”

“அசல்னா அப்படித்தான் இருக்கும். மாறினா போலி. முப்பத்தோரு வருஷத்துல ஒரு செக் என்னை ஏமாத்தினதில்லை.”

“உங்க கையெழுத்தையே கண்டுபிடிச்சுடுவேளா?”

“தூக்கத்துல எழுப்பிக் கேளு.”

“அப்போ ஆறு பேப்பர் தரேன். எது நீங்க போட்டது, எது போலின்னு சொல்லுங்கோ. சரியாச் சொல்லிட்டா அந்த ரூமைப் பத்தி நான் வாயே திறக்கலை.”

“தப்பாச் சொன்னா?”

“ரூம் எனக்கு.”

சேஷாத்ரிக்கு அவளைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது. சரி என்றார்.

அவள் ஆறு காகிதங்களைக் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் மடித்திருந்தன. கீழே ‘ஆர். சேஷாத்ரி’ என்ற கையெழுத்து மட்டும் தெரிந்தது. அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பத்தே நிமிஷம். மூன்று கையெழுத்துகள் ஒன்றை ஒன்று உரித்து வைத்திருந்தன. மற்ற மூன்றும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன, ஒன்றுக்கு வால் நீளம், ஒன்றுக்கு வாலே இல்லை. ஒத்துப்போன மூன்றின் கீழேயும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று குத்தி இனிஷியல் போட்டார். மற்ற மூன்றுக்கும் ‘வேறுபடுகிறது’ சீட்டு வைத்தார். “எவனோ கத்துக்குட்டி போட்டிருக்கான்” என்று அபிப்பிராயமும் சொன்னார்.

ராஜலக்ஷ்மி, அவர் தள்ளிய காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். முதலாவது பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் நகல். அடுத்தது ஃபிளாட் வாங்கிய பத்திரத்தின் நகல். மூன்றாவது அவர்களுடைய கல்யாணத்தைப் பதிவு செய்த பாரத்தின் நகல்.

“இதுல கையெழுத்துப் போட்டது நீங்க இல்லேன்னா, இத்தனை வருஷமா நான் யாருக்கு சாம்பார் வெச்சிண்டிருக்கேன்னு சொல்லுங்கோ” என்றாள்.

அவள் தேறிய காகிதங்களுக்குப் போனாள். ஒன்று வைஷாலியின் ஆறாம் வகுப்பு ப்ராக்ரஸ் ரிப்போர்ட், கணக்கில் முப்பத்தொன்று. இன்னொன்று துர்கா பூஜைக்குத் தங்கள் ஜன்னலுக்கு எதிரே ஒலிபெருக்கி கட்டிக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல். யார் கொடுத்தது என்று போன வருஷம் சேஷாத்ரி தெரு முழுக்கச் சண்டை போட்ட கடிதம் அதுதான்.

“இதெல்லாம் நீ போட்டதா?”

“இருபது வருஷத்துக்கு மேலா போடறேன். ஸ்கூல், கேஸ், கூரியர், சொசைட்டி. உங்களுக்கென்ன, சொந்தக் கையெழுத்து, எப்படி வேணா இழுக்கலாம். நான் மாத்தினா மாட்டிப்பேனே. அதனால ஒரே மாதிரிதான் போடுவேன்.”

சேஷாத்ரிக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பொருந்திய இரண்டு கவர்களும் கண்முன் வந்தன.

“மூணாவது பேப்பர் என்னது?”

“நேத்திக்கு எழுதினது. ஸ்டாம்ப் குத்தறதுக்கு முன்னால நீங்க படிக்கலையா?”

“மேலே என்ன எழுதியிருக்குன்னு பாக்கறது...”

“அடுத்த டேபிளோட வேலை. தெரியும். அடுத்த டேபிள் நான்தான்” என்று சொல்லி அவள் நிதானமாகப் படித்தாள். தன் வீட்டு ஏசி அறையை இன்று முதல் மனைவி ராஜலக்ஷ்மியின் முழு உபயோகத்துக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பதாக ஆர். சேஷாத்ரி எழுதியிருந்தார். கீழே கையெழுத்து. அதன் கீழே அது சரிபார்க்கப்பட்டதாக ஈரம் காயாத முத்திரை.

அறை போனது கூட அவருக்கு அப்போது உறைக்கவில்லை. தடுமாறி விழுந்த கடைசி எழுத்தும் ஒரு மைப்பொட்டும்தான் மனசில் ஓடின.

“ராஜி, அந்தக் கேஸ் ரசீது கவர்...”

“சான்யால் தா லென்ஸ் வெச்சுப் பார்த்தார். மனுஷன் கையாலயே போட்டதாம், சந்தேகமே இல்லையாம். அவா ஸ்டாம்ப் கிளப் கண்காட்சியில வெக்கக் கேட்டிருக்கார். என் பேருதான் போடப் போறா. நீங்கதானே இது உனக்குன்னு கொடுத்தேள்?”

இரண்டு ரப்பர் ஸ்டாம்ப்பையும் அந்தக் கேஸ் ரசீது கவரையும் எடுத்துக்கொண்டு அவள் ஏசி அறைக்குள் போனாள். தலையணையும் போயிற்று. சேஷாத்ரி கதவைத் தட்டி, ஐந்தே நிமிஷம் அந்தக் கவரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், மூச்சுகூட விடமாட்டேன் என்று கெஞ்சினார்.

“எழுத்துல கேளுங்கோ. கையெழுத்து மாதிரியோட ஒத்துப் போறதான்னு பார்த்துட்டுச் சொல்றேன்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மாதிரி என்பது, அவரே சரிபார்த்து முத்திரை குத்திய அந்த மூன்றாவது காகிதம்.

கூடத்தில் வேர்த்து வழிய உட்கார்ந்து அவர் விண்ணப்பம் எழுதிக் கதவிடுக்கில் தள்ளினார். ‘வேறுபடுகிறது’ என்று திரும்பி வந்தது. அடுத்ததில் வாலைக் குறைத்துப் பார்த்தார். வந்தது. சாய்வை நிமிர்த்தினார். அதுவும் வந்தது. சாயங்கால காபி வேளைக்குள் ஆறு விண்ணப்பங்கள் போய் ஆறும் திரும்பின.

ஏழாவது காகிதத்தில் சேஷாத்ரி கையெழுத்தே போடவில்லை. பேனாவையும் அதோடு சேர்த்துக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு, “ராஜி, நீயே போட்டுக் குடுத்துடேன்” என்றார்.