துரைக்கு நான் வாங்கிய தூண்டில் சக்கரம்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது இருபத்து நான்கு வயது வரை வரவில்லை. யாராவது ஒரு கேள்வியை முடிப்பதற்குள் என் தலை 'ஆமாம்' என்று ஆடிவிடும். (கழுத்தில் ஏதோ ஆணி கழன்றிருக்கிறது என்பார் என் தகப்பனார்.) அந்தத் தலையாட்டலால் நான் பட்ட அவமானங்களில் பெரியது எண்ணூர்க் கடற்கரையில் நடந்தது.

அப்போது நான் ஆம்பூரில் ஹமீது சாயபுவின் தோல் ஷாப்பில், அதாவது டேனரியில், ரைட்டர். லண்டனுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவது என் வேலை. ஓய்ந்த நேரத்தில் தோல் தரம் பிரிப்பவர்களோடு உட்கார்ந்து அதையும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தேன். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலை ஓடவிட வேண்டும். எங்கும் ஒரே கனமாக இருந்தால் முதல் தரம். ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்திருந்தால் மூன்றாம் தரம். இதைத் தெரிந்துகொண்டதும் உலகத்தில் உள்ள எல்லாச் சரக்கையும் எடைபோடும் ஞானம் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தோலை வாங்கும் கம்பெனியிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு துரை வருவார். நல்ல மனுஷர்தான். ஆனால் மீன் பிடிப்பதென்றால் பைத்தியம். அதுவும் புழுவைக் கோத்துப் பிடிப்பது அவருக்குக் கேவலம். கோழி இறகும் ஜரிகையும் சுற்றி, முள்ளின் மேல் ஒரு பொய்ப்பூச்சி கட்டி, அதைச் சாட்டைபோல் வீசிக் கடல்மீனை ஏமாற்ற வேண்டுமாம். அந்த வருஷம் அவருடைய தூண்டில் கம்பு வந்து சேர்ந்தது. நூலும், நூல் சுற்றும் சக்கரமும் இருந்த பெட்டி மட்டும் கப்பலோடு கல்கத்தாவுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை எண்ணூரில் மீன் பிடிப்பதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

"உனக்கு மீன்பிடி சாமான்கள் பற்றித் தெரியுமா?" என்று துரை இங்கிலீஷில் கேட்டார்.

தலை ஆடிவிட்டது. "நன்றாகத் தெரியும், சார்."

எனக்குத் தெரிந்த ஒரே நீர்நிலை பாலாறு. வருஷத்தில் பத்து மாதம் அங்கே மீன் பிடிக்கத் தூண்டிலைவிட மண்வெட்டி உபயோகப்படும். கடலை நான் கண்ணால் பார்த்ததில்லை.

"எந்த மாதிரி வேண்டும் என்று எழுதித் தரட்டுமா?"

"வேண்டியதில்லை, சார்."

துரை போனதும் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "ரைட்டரே, போன வருஷம் பாதித் தோல தள்ளிட்டுப் போய்ட்டாரு. இந்தத் தபாவும் தள்ளினா ஷாப்ப மூட வேண்டியதுதான். அவரு மனசு குளிரணும். வெல ஜாஸ்தி ஆனாலும் பரவால்ல. மெய்யாலுமே உனக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியும் முதலாளி."

மறுநாள் ரயிலேறி, அரக்கோணம் தாண்டி மதராஸ் போய்ச் சேர்ந்தேன். மவுண்ட் ரோடில் துரைமார் சாமான் விற்கும் ஒரு பெரிய கடை. தலைப்பாகையும் மூக்குக்கண்ணாடியுமாக ஒரு வயதான விற்பனைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆத்துக்கா சார், கடலுக்கா?"

"கடலுக்கு."

அவர் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில், கறுப்பாக ஒரு சக்கரத்தை மேஜைமேல் வைத்தார். "உப்புத் தண்ணி இத ஒண்ணும் பண்ணாது. இருநூறு கஜம் நூலு கொள்ளும். மீன் இழுத்துக்கினு ஓடினா புடிச்சு நிறுத்தும்."

எனக்கு அது கிணற்று ராட்டினம் மாதிரி தெரிந்தது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வேறொன்று இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. வெள்ளிபோல் மினுக்கு, தந்தத்தில் சின்னக் கைப்பிடி. மாப்பிள்ளைக்குப் போடும் கடிகாரம் மாதிரி இருந்தது.

"அது இன்னாங்க?"

"அது ஊட்டி ஓடையில சின்ன மீனுக்கு சார். கடல்ல அது..."

"துரை கையில கிணத்து ராட்டினத்தையா குடுக்கறது? அந்தச் சின்னதையே கட்டுங்க."

அடுத்தது நூல். பட்டில் முறுக்கிய அருமையான நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு அதை விரல்களுக்கு நடுவே ஓடவிட்டேன். கடைக்கே தெரியாத குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்.

"இந்த முனையில மெலிசு, நடுவுல கனம், திரும்பவும் மெலிசாப் போகுதே."

"அப்படித்தான் சார் இருக்கணும். வீசறப்போ கனம் போய் முனையத் தள்ளும். முனை மெலிசா இருந்தாத்தான் பூச்சி உக்கார்றாப்பல தண்ணியில எறங்கும்."

"தோல் யாவாரத்துல இருக்கறவன்கிட்டயே சொல்றீங்களே. ஒரே சீரா இல்லாத சரக்கு மூணாந்தரம்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, தலை முதல் வால் வரை ஒரே கனமாக இருந்த நூல் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். முப்பது கஜம்.

"இதுக்குப் பின்னாடி நூத்தம்பது கஜம் மெல்லிசு நூல் கட்டணும் சார். பெரிய மீன் ஓடினா விட்டுப் புடிக்க."

"மீன் முன்னாடிதானே கடிக்கும். பின்னாடி எதுக்கு நூலு?"

"நீங்க சொன்னா சரி சார்," என்றார். துக்க வீட்டுக்கு மாலை கட்டுகிறவர் மாதிரி மெதுவாகப் பொட்டலம் கட்டினார்.

இதோடு நிறுத்தியிருந்தாலாவது கொஞ்சம் பிழைத்திருப்பேன். சாயங்காலம் பெரம்பூரில் மாமா வீட்டில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். 'கர்ர்ர்' என்று சத்தம் போட்டது. புதுச் சரக்கு இப்படி உறுமலாமா? பேனாக்கத்தியால் மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு சின்னப் பல், சக்கரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தேன். (சக்கரத்துக்குப் பிரேக்கே அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.) துருப்பிடிக்காமலிருக்கத் தோலுக்குத் தடவும் புங்க எண்ணெயை அரை அவுன்ஸ் உள்ளே ஊற்றினேன். இப்போது விரலால் தட்டினால் போதும், நான் முகம் கழுவிவிட்டு வரும்வரை தானே சுற்றிக்கொண்டிருந்தது. கர்வத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை. எண்ணூரில் கழிமுகத்து மணல்திட்டில் நின்றோம். துரை, நான், படகோட்டி முனுசாமி. துரையைக் குஷிப்படுத்த முதலாளியும் பட்டுக் கோட்டு, குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி சகிதம் வந்திருந்தார். எதிரே கடல். இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்களே என்று பாலாற்றுக்காரனான எனக்குக் கோபம்தான் வந்தது.

துரை பொட்டலத்தைப் பிரித்தார். காகிதத்தை உதறிப் பார்த்தார்.

"மிச்சம் எங்கே?"

"அவ்வளவுதான், சார்."

சக்கரத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஏதோ முணுமுணுத்தார்.

"துரை இன்னா சொல்றாரு?" என்று முதலாளி காதைக் கடித்தார்.

"சந்தோஷமா இருக்காராம்."

வேறு வழியில்லாமல் துரை அதையே கம்பில் மாட்டி வீசினார். நூல் அவர் முழங்காலடியிலேயே இடியாப்பம் மாதிரி விழுந்தது. மறுபடி, தோள்பட்டை கழலும்படி பின்னால் ஓங்கி முன்னால் வீசினார். பின்னால் போன முள், முதலாளியின் தொப்பிக் குஞ்சத்தைக் கவ்வியது. தொப்பி வானத்தில் ஒரு வட்டம் போட்டு, இருபது கஜம் தள்ளிக் கடலில் இறங்கியது. பூச்சி உட்காருகிற மாதிரி இல்லை, பானை விழுகிற மாதிரி.

முதலாளி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

துரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தொப்பியை இழுக்கலானார். பாதி வழியில் தண்ணீர் பிளந்தது. தொப்பியைக் காணோம்.

"கொடுவா மீன் சாமி, பெரிய கொடுவா," என்றான் முனுசாமி.

மீன் கடலை நோக்கி ஓடியது. சக்கரம் சத்தமே போடவில்லை. என் வைத்தியம் அப்படி. சுற்றிய வேகத்தில் புங்க எண்ணெய் துரையின் கண்ணாடி, மீசை, காலர் எல்லாவற்றிலும் தெளித்தது. தந்தக் கைப்பிடி அவர் விரல் முட்டியில் தாளம் போட்டது. 'ஆம்பூர்' என்று சொல்லும் நேரத்துக்குள் முப்பது கஜமும் தீர்ந்துபோனது.

"பின் நூல் எங்கே?" என்று துரை கத்தினார்.

"கடையில இருக்கு, சார்."

சக்கரம் கம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. நான் அதன் பின்னாலேயே பாய்ந்தேன். முழங்காலளவு என்று நினைத்த தண்ணீர் மூன்றாவது அடியில் கழுத்தளவாயிற்று. நீச்சலும் எனக்கு 'நன்றாகத் தெரிந்த' விஷயங்களில் ஒன்று. ஒரு படி உப்புத் தண்ணீர் குடித்திருப்பேன். முனுசாமி துடுப்பை என் கோட்டுக்குள் விட்டு இழுத்துப் போட்டான்.

"மீன் புடிக்க வந்தியா, மீனுக்குத் தீனியா வந்தியா?"

என் கையில் சக்கரம் இருந்தது. நூலும் மீனும் தொப்பியும் இல்லை.

துரை கண்ணாடியைத் துடைத்தபடி அமைதியாகக் கேட்டார்: "நடுவில் தடித்த நூல் அந்தக் கடையில் இல்லையா?"

தலை ஆடப் பார்த்தது. ஆட்ட முடியாத அளவுக்கு அதில் தண்ணீர் நிறைந்திருந்தது. "இருந்தது, சார். எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. கனம் ஒரே சீராக இல்லை, மூன்றாம் தரம் என்று தள்ளிவிட்டேன்."

துரை என்னையே பார்த்தார். பிறகு மணலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அலை வந்து இடுப்பை நனைத்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. மூச்சு வந்ததும் முதலாளியைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"இன்னாவாம்?" என்றார் முதலாளி, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு.

"மதராஸிலேயே நல்ல நூல கனம் சரியில்லேன்னு தள்ளினவன் கண்ணுலேருந்து ஒரு மோசமான தோலும் தப்பாதாம். அவருக்கு அனுப்பற தோல இனிமே நானே பிரிக்கணுமாம். கடைக்கு மட்டும் என்னை அனுப்பக் கூடாதாம்."

முதலாளி சந்தேகமாகப் பார்த்தார். "மெய்யாலுமே அப்படிச் சொன்னாரா, இல்ல அப்போ 'சந்தோஷமா இருக்காரு'ன்னியே, அந்தக் கணக்கா?"

மெய்தான். துரை அந்த வருஷம் பெரும்பாலான தோல்களை எடுத்துக்கொண்டார். தோல் பிரிக்கும் மேஜைக்கு நான் மாறினேன். கடைசிவரை அந்த மேஜையை விடவில்லை.

முதலாளி அந்தக் கதையை என் கல்யாணப் பந்தியில் வைத்தே என் மனைவி ரோசம்மாவிடம் ஒப்பித்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு முழம் ரிப்பன் வாங்கக்கூட நான் கடைக்குப் போனதில்லை. அது நிம்மதிதான். இட்லிதான் பேஜார். தட்டை என் முன்னால் வைத்துவிட்டு இடுப்பில் கையை வைத்து நிற்பாள்.

"நடுவுல கனமா, ஓரத்துல மெலிசா இருக்கு. பாஸா, தள்ளுபடியா?"

இப்போது என் மகள்களும் கேட்கிறார்கள். போன மாதம் புது மருமகனும் கேட்டுவிட்டார். ஒரே ஒருநாள் விளையாட்டாக 'தள்ளுபடி' என்று சொல்லிப் பார்த்தேன். ரோசம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு டேனரியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்வரை நான் பச்சைத் தண்ணீர்தான் குடித்தேன்.