மாப்பிள்ளைக் காரில் விளக்கெண்ணெய்

கல்பாத்தி அக்கிரகாரத்தில் அந்த ஜானவாச ஊர்வலம் (மாப்பிள்ளை அழைப்புதான்) நடந்த மாலை, காரில் இருந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். பின் இருக்கையில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை சிவராமன். அவர் பக்கத்தில் ஒரு குழந்தை (யார் வீட்டுக் குழந்தை என்று கடைசிவரை தெரியவில்லை, கார் என்றதும் ஏறிக்கொண்டது). முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என் தாய்மாமன் ஆறுமுகம். அவருக்கு இடப்பக்கம், எஸ்.எஸ்.எல்.சி. தேறிய நான்.

வராதவர் எங்கள் அய்யன், அதாவது அப்பா. வண்டி அவருடையதுதான். ஆனால் கோபாலபுரத்தில் எங்களுக்குச் செக்குத் தொழில். நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் எதிரில் எண்ணெய்க்காரன் வரக்கூடாது என்று ஒரு சாஸ்திரம் இருக்கிறதே, அய்யன் அதை நம்புகிறவர் இல்லை. நம்புகிறவர்கள் வாடகை கொடுக்கிறவர்களாக இருந்ததால் மரியாதை கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. செக்குக்காரங்கன்னு மட்டும் மூச்சு உட்றாதீங்க. மோட்டார்க்காரங்கன்னு சொல்லுங்க" என்று வழியனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார்.

அய்யன் வரவில்லை. அவருடைய எண்ணெய் வந்தது.

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவனுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டார் நம்பிவிடுகிறார்கள். அது போகட்டும். கொஞ்ச நாளில் அவனும் நம்பிவிடுகிறான். எங்கள் வீட்டில் தந்தி வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மாட்டுக்குக் கழிசல் கண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டையும் ஒரே முகத்துடன் உற்றுப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்வேன்.

அந்த முகத்துடன்தான் காரையும் பார்த்தேன். மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விற்ற வண்டி. மேல்மூடியை மடக்கிவிட்டால் திறந்த ரதம் மாதிரி இருக்கும்; கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட ஏற்றது. அதனுடன் ஓர் இங்கிலீஷ் புத்தகமும் இருந்தது. புத்தகத்தை நான் புரட்டிப் பார்த்து, "வாங்கலாமுங்க" என்றேன். அய்யன் வண்டிமாடுகளை விற்றார். இரண்டாவது செக்குக்கு என்று சேர்த்து வைத்திருந்ததையும் போட்டார்.

துரையின் டிரைவர் யோக்கியமான மனுஷன். சாவியைக் கொடுக்கும்போது, வண்டி கொஞ்சம் எண்ணெய் குடிக்கும் என்று சொல்லிவிட்டான்.

அய்யனுக்கு வந்த சிரிப்பில் துண்டு தோளிலிருந்து நழுவியது. "எண்ணெய்தானே? குடிக்கட்டும். வேற ஊட்டுக்குப் போயிருந்தா பட்டினி கெடந்திருக்கும். சேர வேண்டிய எடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்குது."

அது மோட்டாருக்கென்று தனியாக விற்கிற எண்ணெய் என்று மாமன் மெதுவாக எடுத்துச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் அதை யாரும் காதில் வாங்கவில்லை.

கொஞ்சம் என்றால் கொஞ்சம் இல்லை. பொள்ளாச்சி போய் வந்தால் பெட்ரோல் கணக்கும் எண்ணெய்க் கணக்கும் அண்ணன் தம்பி மாதிரி நின்றன. எனக்கோ ஒரே கேள்வி: ஊற்றுகிற எண்ணெய் எங்கேதான் போகிறது? சாப்பிடும்போதும் அதே நினைப்பு. இஞ்சினுக்கு அடியில் அம்மாவின் மஞ்சள் சேலையை விரித்து வைத்துப் பார்த்தேன் (கேட்காமல்தான்). காலையில் அதில் நாலு சொட்டுக்கு மேல் இல்லை. ஆக, ஒழுகவில்லை. பின்னால் நின்று புகையைப் பார்த்தேன். நீலம். ஆக, உள்ளேயே எரிகிறது. ஏன் எரிகிறது?

புத்தகம் ஒரு வழி சொன்னது. முன்னால் கைப்பிடியைப் போட்டு மெதுவாகச் சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரும் முறைத்துக்கொண்டு கையைத் திருப்பித் தள்ள வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டு முறைத்தன. இரண்டு, "வாங்க, வாங்க" என்று வழிவிட்டன. அந்த இரண்டின் பிளக்கையும் கழற்றி, துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி சுற்றினால், வால்வு கெட்டிருந்தால் வித்தியாசம் தெரியாது; பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து, கை கனக்கும். விட்டேன். சுற்றினேன். கனத்தது!

அந்தக் கனத்தை என்னால் இன்றும் உள்ளங்கையில் உணர முடிகிறது. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் நடக்கிற ஒன்றைக் கைப்பிடி வழியாகப் பிடித்துவிட்டேன். ரிங்தான். தேய்ந்த ரிங் எண்ணெயை வழித்துக் கீழே தள்ளாமல் மேலே விடுகிறது, மேலே நெருப்பு. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ரிங் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களுக்கும் விளக்கினேன்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் நான் கெட்டிக்காரன். பொள்ளாச்சிப் பட்டறையில் இஞ்சினைப் பிரிக்க வேண்டும், ரிங் சென்னையிலிருந்து வர வேண்டும், நாளாகும் என்றார்கள். அதற்குள் கல்பாத்தியில், தெருவே வைத்தி மாமா என்று கூப்பிடுகிற ஒருவர் வீட்டுக் கல்யாணம் வந்துவிட்டது. அவர் மகளுக்கு வருகிற மாப்பிள்ளையை எங்கள் காரில் ஊர்வலம் விடுவதாகப் பேச்சு. நன்றாக நடந்தால் அந்தத் தெருவில் அந்த வருஷத்துக் கல்யாணமெல்லாம் உங்களுக்கே என்று அவர் வாக்கே கொடுத்திருந்தார். நடக்காவிட்டால் வண்டியைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். வண்டிமாடும் இல்லை, இரண்டாவது செக்கும் இல்லை, காரும் இல்லை என்று அய்யன் நிற்பார்.

நான் யோசித்தேன். மெல்லிய எண்ணெய்தானே சந்து வழியாக மேலே ஏறுகிறது? கெட்டியான எண்ணெய் ஏறாது. எங்கள் வீட்டில் இருப்பதிலேயே கெட்டியானது எது? கொட்டமுத்து எண்ணெய். (விளக்கெண்ணெய் என்றால்தான் மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியும்.) ஆகாய விமானத்துக்கே அதைத்தான் விடுகிறார்கள் என்று எங்கேயோ படித்தும் இருந்தேன். அய்யனிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "நான் அன்னைக்கே சொன்னேனல்லோ கண்ணு" என்றார்.

பழைய எண்ணெயைப் பாதி இறக்கிவிட்டு மேலே கொட்டமுத்து எண்ணெயை ஊற்றினோம். அதிசயம் என்னவென்றால், புகை குறைந்தது. கோபாலபுரத்திலிருந்து கல்பாத்தி வரை வண்டி பூனை மாதிரி போயிற்று. மாமனே என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார்.

ஆனால் ரோட்டில் ஓடுவது வேறு, ஜானவாசம் வேறு. ஊர்வலத்தில் கார் நாயனக்காரருக்குப் பின்னால், அவர் நடையில் போக வேண்டும். அவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஒரு ராகத்தை விரித்தார். இஞ்சின் சூடேறியது. பாதித் தெருவில் பின்பக்கமிருந்து புகை கிளம்பி, எதிர்க்காற்று இல்லாததால் எங்களையும் தாண்டி முன்னால் போனது.

புகை வந்தால் பரவாயில்லை. வாசனை வந்தது.

மாதம் ஒருமுறை விடியற்காலையில் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றப்பட்ட விளக்கெண்ணெயை மறந்தவர்கள் நம் நாட்டில் யாராவது உண்டா? நாயனக்காரர் மூச்சை இழுத்தார், இழுத்ததை விட முடியாமல் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டு ஓரமாகப் போனார். மாடிச் சன்னல்களில் வேடிக்கை பார்த்த குழந்தைகளெல்லாம் சொல்லி வைத்ததுபோல் மறைந்தன. காரில் இருந்த குழந்தை, "நான் குடிக்க மாட்டேன்" என்று அலறிக் கதவேறிக் குதித்து ஓடியே போயிற்று.

வைத்தி மாமா அங்கவஸ்திரத்தால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார். மாமனிடம்தான் கேட்டார். "ஓய், நீங்க எண்ணெய்க்காராளா?"

"இல்லீங்க சாமி. மோட்டார்க்காரங்கங்க."

"மோட்டார்லேர்ந்து செக்கு வாசனைன்னா அடிக்கறது."

மாமன் என்னைப் பார்த்தார். நான் இஞ்சினைப் பார்த்தேன். இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

அப்போது பின்னாலிருந்து மாப்பிள்ளை குனிந்து என் தோளைத் தொட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் இருந்தது கோபமில்லை. எங்கள் அம்மாவின் சேலையை விரித்த அன்று என் கண்ணில் என்ன இருந்ததோ அது. "என்ன எண்ணெய் விட்டேள்? சும்மா சொல்லுங்கோ" என்றார். மெட்ராஸ் காலேஜில் ரசாயனம் படித்தவராம்.

சொன்னேன். பழையதில் பாதி, புதியதில் பாதி. அவ்வளவுதான், மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கிவிட்டார். "மாப்ளே, எறங்கப்படாது, எறங்கப்படாது" என்று வைத்தி மாமா பதறினார். மாப்பிள்ளை காஸ்லைட் தூக்குகிறவனைக் கிட்டே கூப்பிட்டு, பானெட்டைத் திறக்கச் சொல்லி, மாலையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, எண்ணெய் அளக்கும் குச்சியை உருவினார். இரண்டு விரலால் தொட்டு விலக்கினார். விரல்களுக்கு நடுவே நூல் மாதிரி நீண்டது.

"கம்பிப் பதம்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். கல்யாணச் சமையற்காரராக இருக்க வேண்டும்.

"இது ரெண்டும் ஒண்ணோடொண்ணு சேராதாக்கும். சூடு பட்டதும் பசையாயிடுத்து. ரிங்கெல்லாம் ஒட்டிண்டிருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப ரிங்கு தேஞ்சிருக்குதுன்னு நான் கண்டுபுடிச்சதுங்க?" கைப்பிடிக் கதையைச் சொன்னேன். வாத்தியாரிடம் சிலேட்டை நீட்டுகிறவன் மாதிரி நின்றேன்.

"அது ஷரி. அது நூத்துக்கு நூறு ஷரி."

நம்புவீர்களோ மாட்டீர்களோ, தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, அய்யனுடைய சொத்து முழுவதும் என் கண் முன்னால் புகைந்துகொண்டிருக்க, நான் அந்த நிமிஷம் சந்தோஷப்பட்டேன்.

அதற்குமேல் வண்டியைப் பெண்வீட்டார் தள்ளினார்கள். மாப்பிள்ளை மூக்கு நுனியில் கரியோடு உட்கார்ந்து வந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டதில் மீசையும் அகலமாயிற்று. பெண் அவரை முதன்முதலில் நிமிர்ந்து பார்த்தது அந்தக் கோலத்தில்தானாம்; சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டாளாம்.

இரவே சொல்லி அனுப்பியதன்பேரில் மறுநாள் அய்யன் மாடுகளுடன் வந்தார். முகூர்த்தம் முடிந்ததென்று தெரிகிறவரை ஊர் எல்லையிலேயே காத்திருந்துவிட்டுத்தான் தெருவுக்குள் வந்தார். வண்டிமாடுகளை விற்றுவிட்டோமே, அதனால் செக்குமாடுகளைத்தான் கொண்டுவந்திருந்தார். அவை பிறந்ததிலிருந்து நேராக நடந்ததில்லை. கோபாலபுரம் போய்ச் சேரும்வரை காரை இடப்பக்கமாகவே இழுத்தன; மாமன் வலப்பக்கமாகவே ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு வந்தார். சுங்கச் சாவடியில் இருந்த மலையாளத்து ஆள் எங்களைச் சுற்றி வந்து பார்த்தான். இது மோட்டாரா மாட்டு வண்டியா என்று அவனுக்குத் தீரவில்லை. கடைசியில், "ரண்டும் உண்டல்லோ" என்று இரண்டுக்கும் வாங்கிக்கொண்டான்.

வழியில் அய்யனிடம் நான் வண்டியை விற்றுவிடலாம் என்றேன். அய்யன் மாடுகளை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"அந்த மாப்பிள்ளை என்னையக் கூப்பிட்டுப் பேசுனாரு. ரிங்குதான்னு நீ சொன்னது நெசந்தானாமா?"

"ஆமாங்க."

"அப்பறம் எதுக்கு விக்கறது? ரிங்கைப் போடு."

போட்டோம். பட்டறையில் இஞ்சினைப் பிரித்தபோது அது வெல்லப்பாகில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. வழித்து, கழுவி, சிலிண்டரைக் கடைந்து, புது ரிங் போட்டு முடுக்கியதும் கைப்பிடி நான்கு முறையும் முறைத்தது. வைத்தி மாமா எங்களை மறுபடி கூப்பிடவில்லை. ஆனால் அடுத்த வருஷம் அதே மாப்பிள்ளை தன் தங்கை கல்யாணத்துக்கு எங்கள் காரைத்தான் பேசினார். அந்த ஊர்வலத்துக்கு அய்யனும் வந்தார். அதைப் பார்த்துத் தெருவும் வீடு வீடாக எங்கள் காரைப் பேச வந்தது.

அய்யன் அன்று அங்கே இல்லைதான். ஆனால் கதையைச் சொல்ல அவரை மிஞ்ச ஆளில்லை. நாயனக்காரர் மூச்சடக்கியதை நடித்தே காட்டுவார். எங்கள் வீட்டு வழியாக எந்த மோட்டார் புகைவிட்டுப் போனாலும், "பாவம், எவனுக்கோ வயிறு சரியில்லை" என்பார் அம்மா.

ஒன்றாம் வகுப்பிலிருந்து கடைசிப் பரீட்சை வரை எனக்கு ஆன படிப்புச் செலவு அய்யனுக்கு மனப்பாடம். பட்டறைக் கூலி, ரிங், வராமல் போன வாடகை, இரட்டைச் சுங்கம், அம்மாவின் மஞ்சள் சேலை எல்லாம் சேர்த்தால் இந்தப் படிப்பு அதைவிட எட்டணா கூடுதல் என்று அவர் சொல்லாத விருந்தாளி இல்லை. மொத்தம் அறுபத்தொரு ரூபாய் பத்தணா.