தொண்ணூற்றெட்டுப் புள்ளி பெற்ற துறவி

மனிதகுலம் நெருப்பைக் கண்டறிந்த நாளுக்குப் பின் நிகழ்ந்த மகத்தான சம்பவம் எதுவெனில், வெள்ளவத்தை லோறன்ஸ் தமது மாடிவீட்டின் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய்க்கு வந்து சேர்ந்ததேயாகும். யுத்தம் முடிந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. விளம்பரக் கம்பெனியொன்றில் இருபது வருடம் சவர்க்காரத்தின் புகழ் பாடியவர், மனிதனுக்குச் சவர்க்காரமே தேவையில்லை என்ற ஞானம் பெற்று, அரை ஏக்கர் மணலும் அதன் நடுவே தென்னோலை பின்னி வேய்ந்த ஒரு கிடுகுக் கொட்டிலும் வாங்கினார். மின்சாரம் வேண்டாம், குழாய்நீர் வேண்டாம், எவர் தயவும் வேண்டாம் என்பது அவருடைய 'தற்சார்புப் பிரகடனம்'.

அப்பிரகடனத்தை நிறைவேற்றி வைக்கும் திருப்பணி, வேலிக்கு அப்பால் இருந்த செலீனாவுக்கு வாய்த்தது.

செலீனா கருவாடு போடுபவள். கணவன் சிங்கராசா கடலுக்குப் போகிறவன். மீள்குடியேறிய நாள் முதல் அவர்களும் மூன்று பிள்ளைகளும் தகரக் கொட்டிலில்தான் இருந்தார்கள். மாரி மழை பிடித்தால் ஒழுகாத மூலை ஒன்றே ஒன்று. ஐந்து பேரும் அதற்குள் ஒண்டுவார்கள். ஒழுங்கை எனப்பட்ட அந்தச் சிறு தெருவுக்கு அரசாங்கத் திட்டத்தில் ஒரேயொரு கல்வீடு கிடைக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட அன்றே, அவள் மனதுக்குள் அவ்வீட்டின் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்து முடித்துவிட்டாள்.

லோறன்ஸ் தோண்டிய கிணறு உப்புக் கரித்தது. ஆகவே அவர் செலீனாவின் கிணற்றில் அள்ளினார். அவர் அமைத்த 'இயற்கைக் கழிப்பிடம்' முதல் மழையிலேயே இயற்கையோடு கலந்துவிட்டது. ஆகவே, தொண்டு நிறுவனமொன்று செலீனாவுக்குக் கட்டிக் கொடுத்த சீமெந்துக் கக்கூசுக்கு எழுந்தருளினார். காலையில் வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு கை நீளும்.

"தங்கச்சி, இந்தப் போனை ஒருக்காச் செருகிவிடுங்கோ. கறண்ட் இல்லாமல் எப்பிடிச் சீவிக்கிறது எண்டு மூவாயிரம் பேர் முகநூலில பாத்துக்கொண்டிருக்கினம்."

"தாங்கோ அண்ணை. சாப்பிட்டிட்டியளோ?"

"பயறு விதைச்சனான். முளைச்ச உடன கழுதையள் வந்து திண்டிட்டுதுகள்."

"அப்ப இருங்கோ. பிட்டும் சொதியும் கிடக்கு."

உண்டபின், எளிமையாக வாழ்வது எப்படி என்று அவர் செலீனாவுக்கு அரைமணி நேரம் உபதேசித்தார். பிட்டுக்கு உபதேசம், இதற்கு அவர் 'பண்டமாற்றுப் பொருளாதாரம்' என்று பெயர் சூட்டியிருந்தார்.

"எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவர் எண்டனீ," என்றான் சிங்கராசா, வலையை உதறியபடி. "விட்டதெல்லாம் எங்கட வளவுக்கதான் கிடக்கு."

"சும்மா இருங்கோப்பா. தனிய வந்த மனுசன், பாவம்."

இந்நிலையில், கல்வீட்டுக்குரியவரைத் தெரிவுசெய்ய உத்தியோகத்தர் சிவராசா படிவக் கட்டோடு ஒழுங்கைக்குள் பிரவேசித்தார். கூரை கிடுகாகவோ தகரமாகவோ இருந்தால் படிவம் நிரப்ப வேண்டும் என்பது சுற்றுநிருபம். முதலில் கிடுகுக் கொட்டில்.

"கறண்ட் இருக்கோ?"

"இல்லை!" என்றார் லோறன்ஸ், நெஞ்சை நிமிர்த்தி.

"நல்ல தண்ணிக் கிணறு?"

"இல்லை!"

"கக்கூஸ்?"

"அறவே இல்லை!"

ஒவ்வோர் 'இல்லை'க்கும் இருபது புள்ளி. தமது வாழ்க்கைத் தத்துவத்துக்கு அரசாங்கம் பரீட்சை வைத்துப் பரிசளிக்கப் போகிறது என்றே அந்த உத்தமர் விளங்கிக்கொண்டார்.

"சாப்பாடு?"

"பக்கத்து வீட்டில இருந்து வரும்."

உத்தியோகத்தரின் கண்கள் கலங்கின. 'அயலவர் தயவில் உண்பவர்' என்று எழுதி, மேலும் புள்ளிகள் வழங்கினார். மொத்தம் தொண்ணூற்றெட்டு. படித்தவர் என்பதற்காக இரண்டைக் குறைத்திருந்தார்.

அடுத்தது செலீனா.

"கறண்ட்?"

"ஒரு லைற், ஒரு பிளக், சேர்."

"கிணறு, கக்கூஸ்?"

"ரெண்டும் இருக்கு, சேர்."

"அந்த ஐயாவுக்குச் சாப்பாடு குடுக்கிறது நீங்களோ?"

"ஓம் சேர், மூண்டு நேரமும்!" என்றாள் செலீனா. நல்ல குணத்துக்கும் நாலைந்து புள்ளி இருக்கும் என்பது அவளுடைய கணிப்பு. 'வெளியாருக்கும் உணவளிக்கும் வசதி படைத்தவர்' என்று எழுதி, இருந்ததிலும் பதினைந்தைக் கழித்தார் உத்தியோகத்தர்.

வீடு லோறன்ஸுக்கே என்ற முடிவு வெளியான அன்று செலீனா உத்தியோகத்தரின் கந்தோருக்கு ஓடினாள்.

"சேர், அந்தாளுக்கு வெள்ளவத்தையில மாடிவீடு இருக்கு!"

"படிவத்தில 'இம்மாவட்டத்தில் நிரந்தர வீடு உண்டா' எண்டுதான் கிடக்கு, அம்மா. வெள்ளவத்தை எந்த மாவட்டம்?"

"கொழும்பு."

"அப்ப வீடில்லை."

ஆறு மாதத்தில் கல்வீடு எழுந்தது. ஓட்டுக்கூரை, குழாய்நீர், மின்சாரம், நான்கு ஜன்னல். லோறன்ஸ் ஏற்க விரும்பவில்லைதான். ஆயினும் மறுப்பது அரசை அவமதிப்பதாகும் என்று தம்மைத் தாமே வற்புறுத்தி இணங்கச் செய்தார். தற்சார்பு வாழ்வைக் கற்க வருவோருக்கு வியர்க்கக் கூடாதென்று மின்விசிறிகள் பூட்டினார். பின்னர், தம்மை வாழவைத்த அயலவளை மறவாமல், வேலியடிக்கு வந்தார்.

"தங்கச்சி, என்ர கொட்டிலை உங்களுக்குச் சும்மாவே தாறன். குடும்பத்தோட வந்திருங்கோ. படிக்க வாறவைக்கு எளிமையா வாழுற ஒரு உண்மையான குடும்பத்தைக் காட்டவேணும்."

செலீனா கருவாட்டைப் புரட்டிப் போட்டாள்.

"அதுக்குள்ள கறண்ட் இல்லை, தண்ணி இல்லை, கக்கூஸ் இல்லை. நாங்கள் வந்திருந்தா, அடுத்தமுறை எங்களுக்கு வீடு கிடைக்குமோ அண்ணை?"

லோறன்ஸ் ஆழ்ந்து சிந்தித்தார். "கிடைக்கும். ஆனா நீங்கள் எனக்குச் சாப்பாடு குடுக்கிறதாலதான் புள்ளி குறையுது..."

"அப்ப நிப்பாட்டிறன்."

"சீச்சீ! ஒரு வீட்டுக்காக நல்ல பழக்கத்தை விடலாமோ?"

சொந்த வீட்டை விட்டு வெளியேறியவரைக் குறிக்கத் தமிழில் மரியாதையான சொற்கள் பல உண்டு. இன்னொருத்தியின் வீட்டுக்குள் இத்தனை எளிமையாகக் குடிபுகுந்தவரைக் குறிக்கும் சொல்லைச் சிங்கராசா மட்டுமே அறிந்திருந்தான். அதை அன்று மாலை முழு ஒழுங்கைக்கும் கேட்கச் சொன்னான். அச்சில் ஏற்றத் தகாத சொல்லாயினும், பொருள் பிழையில்லை.