மாமல்லபுரத்துக்கு வசூலுக்குப் போனோம்

கடன் வாங்கும் ஆண்களில் இரண்டு வகை உண்டு. பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு வாங்குகிறவர்கள் ஒரு வகை. வாங்கிவிட்டுச் சொல்லாதவர்கள் இன்னொரு வகை. முதல் வகையை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. (நீங்கள் பார்த்திருந்தால் சொல்லுங்கள், வந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறேன்.)

எனக்கு வீடு திருக்கழுக்குன்றம். வேலை மறைமலைநகரில், காருக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில். சம்பளம் ஒன்றாம் தேதி பாங்கில் விழும். பைக் தவணை, டிவி தவணை, போன் தவணை, கிரெடிட் கார்டு என்று ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டு போவார்கள். ஐந்தாம் தேதி நான் பழையபடி வெறும் ஏழுமலை ஆகிவிடுவேன். ஆனால் சட்டை மடிப்பு மட்டும் கலையாது. அந்த விஷயத்தில் நான் கறார்.

இந்த நிலைமையில்தான் என் மச்சான், அதாவது என் மனைவி கௌரியின் தம்பி, செங்கல்பட்டில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தான். "ஒரு குத்துவெளக்கு வாங்கிக் குடுத்தா போதும்யா" என்றாள் கௌரி. குத்துவிளக்கா? நான் யார், அந்தக் குடும்பத்தின் மூத்த மாப்பிள்ளை! ஒரு மோதிரம், பதினோரு தட்டு வரிசை, அது போதாதென்று தெருமுனையில் கூலிங் கிளாஸ் போட்ட என் படத்துடன் ஒரு பேனர். படத்தில் நான் தூரத்தில் எதையோ பார்த்து யோசித்துக்கொண்டிருந்தேன். வட்டியைத்தான் யோசித்தேன் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியாது.

"ஏது இவ்ளோ டப்பு?" என்று கேட்ட கௌரியிடம், "போனஸ்" என்றேன். அன்றைக்கு அவள் பந்தியில் ஒவ்வொரு இலையாக நின்று, "எங்க வூட்டுக்காரரு போனஸ் பூராவும் என் தம்பிக்கே போட்டுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே போனாள். எனக்குப் பாயசம் இரண்டு தடவை வந்தது.

போனஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்கள் கம்பெனி பஸ் டிரைவர் மூர்த்தி மூலமாக ஒரு லட்சம் வாங்கியிருந்தேன். மூணு வட்டி. அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். பணம் மூர்த்தியுடையது அல்ல, யாரோ ஒரு 'பார்ட்டி'யுடையது. அந்தப் பார்ட்டி யார் என்று நான் கேட்கக் கூடாது, நான் யார் என்று அந்தப் பார்ட்டி கேட்கக் கூடாது. இது எங்கள் பக்கத்து வழக்கம். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் பழகிவிட்டால் நடுவில் நிற்கிறவனுக்குக் கிடைக்கும் அரை வட்டி போய்விடும் அல்லவா? எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. முகம் தெரியாதவரிடம் வாங்கினால் மானம் பத்திரமாக இருக்கும் பாருங்கள்.

எட்டு மாதம் தேதி தவறாமல் கட்டினேன். பிறகு கம்பெனியில் ஓ.டி.யை நிறுத்தினார்கள். நான் வட்டியை நிறுத்தினேன். மூர்த்தி முகத்தில் விழிக்கப் பயந்து கம்பெனி பஸ்ஸையும் விட்டேன். டவுன் பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து மின்சார ரயில். காசில்லாமல் போய்வந்தவன், காசு கொடுத்து ஒளிந்து ஒளிந்து வேலைக்குப் போனேன். அவன் நம்பரை போனில் பிளாக் செய்தேன். ஷிப்ட் முடிந்ததும் பின்பக்க கேட் வழியாக வெளியேறினேன்.

"இன்னாய்யா, கம்பெனி பஸ்ல போறதில்லியா?" என்று கௌரி கேட்டாள்.

"ஏசி ஒத்துக்கல" என்றேன். (பஸ்ஸில் ஏசி கிடையாது.)

நாலு மாதம் இப்படி ஓடியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், மீன் கழுவிக்கொண்டிருந்த கௌரி சட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"யோவ், ஒண்ணு சொல்றேன். கத்தக் கூடாது."

"சொல்லு."

"என் வளையலு நாலும் பாங்க்ல கீது."

அவளுடைய அம்மா கல்யாணத்துக்குப் போட்டு அனுப்பிய வளையல்கள் அவை. அம்மா போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷம் ஆகிறது. பீரோவில் இருப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். (என் கண் அவ்வப்போது அந்த பீரோ பக்கம் போனதும் உண்மை. அதை விடுங்கள்.) அவற்றை பாங்கில் அடகு வைத்து ஒரு லட்சம் வாங்கி, தையல் கடை கற்பகம் மூலமாக இரண்டு வட்டிக்கு விட்டிருக்கிறாள்.

"பாங்க்ல வட்டி கம்மி. வெளிய வுட்டா ரெண்டு வட்டி. மிச்சத்துல நம்ம திவ்யாவுக்கு டியூஷன் பீஸு கட்டிகினு இருந்தேன். ஒரு வருசத்துல அசலு வந்துடும், சத்தமில்லாம மூட்டுட்டு வந்துடலாம்னு பார்த்தா, அந்த பார்ட்டி நாலு மாசமா வட்டியே தரல. பாங்க்ல இருந்து போன் பண்றாங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள வரலன்னா ஏலத்துக்கு வுட்ருவாங்களாம். எங்கம்மாவோட நெனப்புனு எங்கிட்ட கீறதே அதுதான்யா." மீன் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு முதலில் வந்த உணர்ச்சி என்ன தெரியுமா? சந்தோஷம். சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வீட்டில் திருட்டு வேலை செய்தது நான் மட்டும் இல்லை! இனி என் வண்டவாளம் தண்டவாளம் ஏறினாலும், 'நீ மட்டும் யோக்கியமா?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம். அந்தத் தெம்பில் எழுந்து நின்று கத்தினேன்.

"யாரு அந்த பார்ட்டி?"

"கற்பகத்துக்கே தெரியாதாம். அது தம்பி கைல குடுத்துச்சாம். அவன் எவனோ ஒரு கம்பெனிக்காரனுக்கு வுட்ருக்கான். இப்ப அந்த நாயி போனும் எடுக்காம தலமறவா சுத்திகினு கீதாம்."

"கடன வாங்கிட்டு ஓடி ஒளியறானா? சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றானா அவன்?"

நான்தான் கேட்டேன். சத்தியமாக இதே வார்த்தைகள்தான். கம்பெனிக்காரன், நாலு மாதம், தலைமறைவு எல்லாம் என் காதில் விழத்தான் செய்தன. அடுத்தவனைத் திட்டும்போது மூளைக்கு வேலை இருப்பதில்லை. தவிர, மறைமலைநகரில் கம்பெனிக்காரன் என்றால் ஆயிரக்கணக்கான பேர். அத்தனை பேரும் கடன்காரர்கள்தான்.

"நாளைக்கே போறோம். அந்தத் தம்பிய புடிச்சி, அவன வச்சி பார்ட்டிய புடிக்கிறோம்" என்றேன். கௌரி என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவ்வளவு நம்பிக்கை. அந்தப் பார்வைக்காகவே இன்னொரு லட்சம் கடன் வாங்கலாம்.

கற்பகத்தின் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரத்துக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டு வருவானாம். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன். பஞ்சாயத்துக்கு பேண்ட் எடுபடாது. கற்பகத்தையும் கூட்டிக்கொண்டு மூவரும் பஸ் ஏறினோம். வழியெல்லாம் நான் பேச வேண்டியதை மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். நடுவில் உதடு அசைந்திருக்க வேண்டும்.

"எங்க வூட்டுலயும் ஒண்ணு கீதே, வாயத் தொறக்காது" என்று கற்பகம் கௌரியிடம் சொன்னாள். "உங்க வூட்டுக்காரரு மாதிரி தட்டிக் கேக்கறதுக்கு ஒரு ஆளு வோணும்." நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

கடற்கரைக் கோயில் பக்கம் வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு வெள்ளை வேன். ஜன்னல் வழியாக இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "அதான் என் தம்பி, தூங்குது" என்றாள் கற்பகம். நான் முந்திக்கொண்டு போய் வேன் கதவில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

"எவன்யா அவன், பொம்பள பணத்த வாங்கிகினு நாலு மாசமா டிமிக்கி குடுக்கறவன்? இழுத்துகினு வா அவன! ஊரு முன்னாடி நிக்க வச்சி நாக்க புடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்!"

கிளிஞ்சல் மாலை விற்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாள் கத்தியை நிறுத்தினாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மானம் ரோஷம் இருந்தா வட்டிய எண்ணி கீழ வச்சிட்டு அப்பறம் மீசைய முறுக்கச் சொல்லுய்யா!"

கால்கள் உள்ளே போயின. தலை வெளியே வந்தது. மூர்த்தி.

என்னைப் பார்த்தான். பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தான். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"யக்கா! புட்ச்சிட்டியா! எப்டிக்கா புட்ச்ச? நாலு மாசமா நானும் தேடிகினே கீறேன்!" என்று குதித்து இறங்கி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"யாரடா புட்ச்சேன்?" என்றாள் கற்பகம்.

"நம்ம பார்ட்டிக்கா! ஏழுமல அண்ணாத்த!"

"நீ யாருய்யா? உன்ன நான் பார்த்ததே இல்ல" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

"டெய்லி மொத சீட்ல குந்திகினு எங்கூட கத பேசிகினு வந்தியே அண்ணாத்த!" அவன் குரலில் நிஜமாகவே வருத்தம்.

கௌரி முன்னால் வந்தாள். "எவ்ளோ வாங்கினாரு?"

"ஒரு லட்சம்மா. மூணு வட்டி. நீங்க யாரு?"

"நான்தான் பணம் குடுத்த பார்ட்டி."

"அப்ப இவரு?"

"எங்க வூட்டுக்காரரு."

மூர்த்தி என் கையை மெதுவாக விட்டான். பிறகு யோசித்துத் திரும்பவும் பிடித்துக்கொண்டான்.

"மூணு வட்டியா? எனக்கு ரெண்டுதான வந்துச்சி?" என்று கௌரி கற்பகத்தின் பக்கம் திரும்பினாள். அக்காவும் தம்பியும் கடலைப் பார்த்தார்கள். ஆக, எங்கள் வீட்டுப் பணம் எங்கள் வாசலைத் தாண்டிப் போய், ஊரைச் சுற்றி, எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தப் போக்குவரத்துச் செலவு மாதம் ஆயிரம் ரூபாய். பெண்டாட்டி கையில் நேரே கேட்டு வாங்கியிருந்தால் அதுவாவது மிஞ்சியிருக்கும்.

"அந்தப் பணத்த இன்னா பண்ண?" என்றாள் கௌரி. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"உன் தம்பிக்கு... மோதிரம்..."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மணலில் உட்கார்ந்துவிட்டாள். மாங்காய் அம்மாளுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. பிறகு கௌரியின் சிரிப்பு அழுகையாகிவிட்டது.

"அப்ப எங்கம்மா வளையல வச்சித்தான் நீ கூலிங் கிளாஸ் போட்டுகினு பேனரு வச்சியா?"

செத்துப்போகலாம் போலிருந்தது எனக்கு. மாட்டிக்கொண்டதற்காக இல்லை. பந்தியில் இலை இலையாக நின்று என்னைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனாளே, அந்த முகம் ஞாபகத்துக்கு வந்தது. 'நீ மட்டும் யோக்கியமா' என்று கேட்க வைத்திருந்த கேள்வி வந்த வழியே போய்விட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் கற்பகம் மட்டும்தான் பேசினாள். நாலு மாசத்து அரை வட்டியை யார் தருவார்கள் என்பது அவள் கவலை.

வீட்டுக்கு வந்ததும் கௌரி என்னைக் கூடத்தில் உட்கார வைத்தாள். ப்ளஸ் டூ படிக்கும் எங்கள் மகள் திவ்யாவைப் போனில் கணக்குப் போடச் சொன்னாள். "எங்கெங்க எவ்ளோ? ஒண்ணு வுடாம வாயால சொல்லு." சொன்னேன். அடகுக் கடையில் நகையைக் கழற்றி வைப்பதைவிட அது கஷ்டம். கிரெடிட் கார்டுக்கு வந்தபோது திவ்யா போனை ஒருமுறை துடைத்துவிட்டு மறுபடி கூட்டினாள்.

"அப்பா, இந்த டிவி இன்னும் நம்பள்து இல்லியா?"

"பாதி நம்பள்து."

அந்தப் பாதி டிவியை மறுநாள் முழு டிவியாக விற்றோம். வாங்கியவன் மூர்த்தி. அந்தப் பணத்தோடு வியாழக்கிழமை பாங்குக்குப் போய் வட்டியை மட்டும் கட்டி, வளையலை ஏலத்திலிருந்து காப்பாற்றித் திரும்ப அங்கேயே வைத்தோம். மிச்சத்தை அடைக்க, மூர்த்தியே எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி ஓட்டும் வேலை பிடித்துக் கொடுத்தான். அதே இடத்தில், அதே மாதிரி ஒரு வேன். என்னைப் பார்த்தால் மாங்காய் அம்மாள் இன்றைக்கும், "இன்னா நைனா, வசூலுக்கா?" என்று கேட்பாள். வீட்டில் என் பெயரே மாறிவிட்டது. வேலை முடிந்து நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் திவ்யா உள்ளே குரல் கொடுப்பாள்: "யம்மா, பார்ட்டி வந்துட்டாரு!" மச்சான் வீட்டு விசேஷங்களுக்கு இப்போது குத்துவிளக்குதான். அதுவும் சின்னது.

கிரெடிட் கார்டு, போன், பைக் என்று ஒவ்வொன்றாகத் தீர இரண்டரை வருஷம் ஆனது. வளையலுக்கான பணத்தை மாதாமாதம் கௌரி கையில் கொடுத்தேன், அவள் பாங்கில் கட்டினாள். போன தை மாதம் இரண்டு பேரும் போய் வளையலை மீட்டோம். பாங்க் வாசல்படியிலேயே நின்று நாலையும் கையில் ஏற்றிக்கொண்டாள். நான் சட்டை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டேன்.

"அசலு மொத்தமும் முடிஞ்சிச்சி. இனிமே நான் யாருக்கும் கடன்காரன் இல்ல" என்றேன்.

கௌரி வளையலைத் திருகிப் பார்த்துக்கொண்டே, "வட்டி?" என்றாள்.

"இன்னாடி, புருசங்கிட்டயே வட்டியா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யாரோ ஒருத்தர் பணம்னு நெனச்சிகினு இருந்தப்ப எட்டு மாசம் தேதி தவறாம வட்டி குடுத்தியே. என் பணம்னு தெரிஞ்ச நாள்ல இருந்துதான்யா ஒரு ரூபா வரல."

 பாக்கி வட்டியை இப்போது மாதாமாதம் ஒன்றாம் தேதி கட்டிக்கொண்டு வருகிறேன். ரெண்டு வட்டிதான். நடுவில் ஆள் இல்லாததால் ஒரு வட்டி லாபம்.