தானே திறந்த கதவு

தேர்தலில் தலைவர் தோற்றார். வாக்குகளை எண்ணியவர்கள் சொன்னார்கள். மறுபடி எண்ணியவர்களும் சொன்னார்கள். ஆனால் ஜெயித்தது தலைவர்தான் என்று அவருடைய ஆஸ்தான சாமியாரின் ஞானக்கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. எண்ணியவனுக்குத் தெரியாதது கண்ணை மூடியவனுக்குத் தெரிவதுதானே ஞானம்!

"சட்டசபை வாசல்ல கண்ணை மூடி, கையைத் தூக்கிக் கடவுளைக் கூப்பிடுங்க. கதவு தானா திறக்கும். தலைவர் நாற்காலியில உக்காருவார்!" என்றார் பக்தர்களிடம்.

விடுவார்களா பக்தர்கள்? லாரி லாரியாகப் போனார்கள். கதவு திறந்தது. காவலர் ஒருவரின் மண்டையும் திறந்தது. உறுப்பினர்கள் மேஜைக்கடியில் பதுங்கினார்கள். நாற்காலி மட்டும் காலி. தலைவர் வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் டிவியில் வாய்ச்சண்டை. கலவரம் என்றார் ஒருவர். ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி என்றார் இன்னொருவர். "பீரங்கி இல்லாம ஆட்சிக்கவிழ்ப்பா?" என்று சிரித்தார் கட்சி வக்கீல். சாமியார் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டார்: "உடைச்சாத்தானே கலவரம்? கதவு தானா திறந்துச்சு. இவங்க உள்ள போனது தரிசனம்!"

தரிசனத்துக்குப் போன பெயிண்டர் ஒருவர் காலில் மாவுக்கட்டோடு சிறையில் கிடந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி பார்க்கப் போனாள்.

"கதவை உடைச்சது யாருன்னு சொல்லிடுங்க. சீக்கிரம் வெளிய வரலாமாம்."

"யாரும் உடைக்கலடி. தானா திறந்துச்சு."

"நீங்க பாத்தீங்களா?"

"கண்ணை மூடச் சொன்னாரே சாமி!"

"லாரியில கனமா மூட்டை ஏத்தினேன்னீங்களே, அதுல என்ன?"

"புனிதப் பொருள். பிரிக்கக் கூடாதுன்னாங்க."

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. நேரே கடைவீதிக்குப் போய் ஒரு பூட்டு வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமியாரின் பிரார்த்தனைக் கூடத்து வாசலில் பெருங்கூட்டம். டிவிக்காரர்கள் சாமியாரின் காலரில் மைக் மாட்டியிருந்தார்கள். அவர் படியேறும் நேரத்தில் அவள் முந்திப் போய்க் கூடத்தைப் பூட்டினாள்.

"சாமி, அவ்வளவு பெரிய சட்டசபைக் கதவையே திறந்தீங்க. இது சின்னக் கதவு. எங்க கண்ணால ஒருவாட்டி பாத்துக்கிறோம்."

கூட்டம் குஷியாகிக் கைதட்டியது. சாமியாருக்கு வியர்த்தது.

"சந்தேகப்படறவங்க இருந்தா சக்தி இறங்காதும்மா."

"அன்னிக்கு மேஜைக்கடியில கிடந்தவங்க எல்லாம் உங்களை நம்பினவங்களா? அப்ப இறங்கின சக்திக்கு இப்ப என்ன கேடு?"

சாமியார் கை தூக்கினார். முணுமுணுத்தார். கதவு அசையவில்லை. மொட்டை வெயில். பின்னாலிருந்து "சீக்கிரம் சாமி!" என்றார்கள். அவர் சீடன் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். மைக் அதை ஊருக்கே சொன்னது:

"பின்னாடி மூட்டையில மிச்சக் கடப்பாரை இருக்கு, எடுத்துட்டு வாடா. எல்லாரையும் கண்ணை மூட வைக்கிறேன்."

பிறகு கம்பீரமாக, "அனைவரும் கண்களை மூடுங்கள்!" என்றார்.

ஒருவர்கூட மூடவில்லை.

சிறை டிவியில் பெயிண்டரும் அதைப் பார்த்தார். பிறகு காவலரைக் கூப்பிட்டு, மூட்டையைக் கொடுத்தது யார், எங்கே ஏற்றினார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். சாமியாருக்கும் அதே சிறையில் இடம் கிடைத்தது.

கட்சி வக்கீல் மட்டும் அசரவில்லை. கோர்ட் வாசலில் பெயிண்டரின் மனைவியை மடக்கினார். "நாலு கடப்பாரைக்கு ஆட்சிக்கவிழ்ப்பாம்மா? ஆட்சி கவிழவே இல்லையே!"

"திருட வந்தவன் வெறுங்கையோட திரும்பினா, வழி தவறி வந்தவன்னா சொல்லுவீங்க? முன்னாடியே மூட்டை கட்டி, தோத்தவரை உக்கார வைக்கக் கதவை உடைச்சிருக்காங்க. அதுக்கு என்ன பேருன்னு நீங்கதான் படிச்சிருக்கீங்க, சொல்லுங்க."

வக்கீலுக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிட்டது.

தலைவர் இப்போது புதுச் சாமியாரைத் தேடுகிறாராம். கிடைத்துவிடுவார், அந்த உத்தியோகத்துக்கு ஆள் பஞ்சமே இல்லை. யோசிக்கிற வேலைக்குத்தான் ஆள் இல்லை. நீங்கள் வேண்டுமானால் சேர்ந்து பாருங்களேன், போட்டியே கிடையாது.